பழைய ஜீப்பை வைத்திருப்பது பற்றி

1

ஒரு பொருளை வைத்திருப்பது வேறு, அதைக் காப்பாற்றி வருவது வேறு. இந்த வித்தியாசம் நம் எழுத்தில் அதிகம் பேசப்பட்டதில்லை. உடைமை பற்றிப் பேசியிருக்கிறோம். துறவு பற்றி அதைவிட அதிகமாகவே பேசியிருக்கிறோம். ஆனால் உடைமையைக் கண்டிப்பவரும் துறவைப் போற்றுபவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இருவருக்குமே பொருள் என்பது மனிதனின் ஆசையைப் பற்றிப் பேச ஒரு சாக்கு. பொருளுக்கென்று ஒரு வாழ்வு இருக்கிறது, அது துருப்பிடிக்கிறது, தேய்கிறது, எண்ணெய் கேட்கிறது, கவனியாமல் விட்டால் செத்துப்போகிறது என்பதெல்லாம் இந்த விவாதத்துக்குள் வருவதே இல்லை.

எனக்கு இந்த யோசனை ஒரு பழைய வண்டியால் வந்தது. என்னைவிட வயதில் மூத்த மகிந்திரா ஜீப் ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டு, தகரத் தட்டு வைத்து, பிக்கப்பாக மாற்றப்பட்டது. வங்கிக்கு நான் பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோதான் போகிறேன். ஜீப்பால் எனக்கு எந்தக் காரியமும் ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துக்கொண்டு நட்டுகளை முறுக்குகிறேன். மாதம் ஒருமுறையோ இருமுறையோ பேரூர் தாண்டி மேற்கே, தெரிந்தவர்களின் தோப்புப் பாதைகளிலும் வறண்ட ஓடைகளிலும் ஓட்டிவிட்டு வருகிறேன். உடன் வேலை செய்பவர்கள் இதைப் பைத்தியம் என்கிறார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் பைத்தியம் என்று சொல்லி முடித்துவிடுவதால் விஷயம் புரிந்துவிடுவதில்லை.

கேள்விகள் இரண்டு. பாகங்கள் அநேகமாக எல்லாமே மாறிவிட்ட பிறகு நான் காப்பாற்றிக்கொண்டிருப்பது எதை? இரண்டாவது, எனக்கே தேவைப்படாத ஒன்றின்மேல் இத்தனை சிரத்தையைச் செலவிடுவதற்கு என்ன நியாயம்? முதலாவது தத்துவக் கேள்வி, இரண்டாவது ஒழுக்கக் கேள்வி என்று பிரித்துவிடலாம்போல் தோன்றும். முதலாவதை ஓரளவாவது தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இரண்டாவதற்குப் போக முடியாது என்பது என் அபிப்பிராயம்.

2

ஜீப் யுத்தத்தில் பிறந்தது. 1940இல் அமெரிக்க ராணுவம் கால் டன் சுமக்கக்கூடிய, நான்கு சக்கரங்களும் இழுக்கிற ஒரு சிறிய வண்டியைக் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி சில வாரங்களில் மாதிரி செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. இருவரும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஒருவர் செய்த பாகம் மற்றவர் செய்த வண்டியில் பொருந்தியாக வேண்டும் என்பது ஏற்பாடு. யுத்தகளத்தில் உடைந்துபோன இரண்டு வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒன்றைச் சேர்க்க முடியவேண்டும். எந்தப் பாகமும் இந்த வண்டிக்கே உரியது என்று சொல்ல முடியாத நிலை ஜீப்புக்குப் பிறவியிலேயே விதிக்கப்பட்டது.

1940களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே. 3பி, புதிய எஞ்சின் உயரமாக இருந்ததால் மூக்கு தூக்கிய முகத்தோடு வந்தது. அங்கே அதன் உற்பத்தி 1968இல் நின்றுபோயிற்று. இங்கே அதே முகம் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. இந்திய சினிமாவில் போலீஸ் வந்து இறங்குகிற ஜீப் என்று நம் மனதில் பதிந்திருப்பது இந்த முகம்தான்.

கொங்கு நாட்டில் அது மலை வண்டியாயிற்று. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகும் பாதையில், அதற்கு அப்பால் எஸ்டேட்டுகளின் கல் பாவிய பாதைகளில், திம்பத்திலும் கடம்பூரிலும் பர்கூரிலும், கொல்லிமலையிலும், எங்கெல்லாம் பஸ் நின்றுவிடுகிறதோ அங்கிருந்து ஜீப் தொடங்கியது. தேயிலை, மிளகு, ராகி, புளி, கர்ப்பிணி, பிணம் எல்லாம் அதில்தான் இறங்கின. பெட்ரோல் விலை ஏறியபோது பலர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, டிராக்டருக்கென்று வந்த டீசல் எஞ்சினை வைத்தார்கள். என் வண்டியிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்பது அடிக்கப்பட்டு, டீசல் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. பிறகு வந்த தோட்டக்காரர் யாரோ தேங்காய் ஏற்றுவதற்காகப் பின்புறத்தை வெட்டித் தட்டு வைத்திருக்கிறார்.

3

வங்கி எழுத்தனாகிய எனக்கு வண்டி என்றால் இரண்டு எண்கள். கடன் பத்திரத்தில் எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் எழுதி வண்டியை ஈடு காட்டிவிட்டால் எங்களைப் பொறுத்தவரை வண்டியின் முழு சாராம்சமும் கைப்பற்றப்பட்டாயிற்று. இரண்டிலும் எஞ்சின் மாறக்கூடியது. ஆகவே கடைசியில் மிஞ்சுவது சட்டத்தில் குத்தப்பட்டிருக்கும் அந்த ஒரு எண். பதிவைப் புதுப்பிக்கப் போகிறபோது அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துத் தரவேண்டும். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் மைப்படி எடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. லாரிக்காரர்களின் பாஷையில் மாறக்கூடியது ‘பாடி’, மாறாதது ‘சேஸ்’. உடல் போகும், எண் இருக்கும். நம் வேதாந்திகளுக்கு இது திருப்தியாக இருக்கலாம்.

எனக்குத் திருப்தியாக இல்லை. சட்டம் துருப்பிடித்து ஒடிந்தால் அதையும் வெட்டிப் புது இரும்பைப் பற்றவைக்கிறார்கள். எண் குத்தியிருக்கிற ஒரு சாண் இரும்பு மட்டும் பழையதாக இருந்தால் அது அதே வண்டியா? கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீஸியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி எல்லாமே மாறிவிட்டால் அது அதே கப்பலா என்பது புளூடார்க் சொல்லும் விவாதம். 1655இல் ஹாப்ஸ் இன்னொன்றைச் சேர்த்தார். கழித்துப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேகரித்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால் இரண்டில் எது அசல்? இது கல்லூரி வகுப்பறைக்கான புதிர் அல்ல. உக்கடத்துக் காயலான் கடைகளில் தினமும் நடப்பது. என் ஜீப்பிலிருந்து கழற்றிப்போட்ட கதவும் கிராங்க்கும் இந்நேரம் எந்த வண்டியில் இருக்கின்றனவோ.

வண்டியை வைத்தே இதைக் கேட்ட மரபு நம் பக்கம் இருக்கிறது. தேரில் வந்திறங்கிய மிலிந்தனிடம் நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்கு வழங்கும் ஒரு பெயர் மட்டுமே தேர். மனிதனும் அப்படித்தான் என்று காட்டுவதற்காகச் சொன்னது. பௌத்தரின் பதில் பிசிரில்லாதது. ஆனால் நாகசேனர் தேரை ஓட்டியவரில்லை, அச்சுக்கு எண்ணெய் விட்டவருமில்லை. தேரோட்டியை யாரும் கேட்கவில்லை. பெயர் மட்டுமே என்று தெரிந்த பிறகும் மறுநாள் காலையில் அச்சுக்கு எண்ணெய் விடவேண்டியிருக்கிறது. யார் விடுவது, ஏன் விடுவது என்பது மீதியாக நிற்கிற கேள்வி.

எனக்கு உதவியாக இருப்பது வேறு உதாரணம். சங்க நூல்களின் மூல ஏடு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பனையோலை நம் சீதோஷ்ணத்தில் சில நூற்றாண்டுகள் தாங்கினால் அதிகம். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை பிரதிகளின் பிரதிகள். ஓலை மாறி, எழுத்தின் வடிவம் மாறி, எழுதிய கைகள் எத்தனையோ தலைமுறை மாறி, முதலில் இருந்த பொருளில் ஓர் அணுவும் எஞ்சாமல் ஒன்று வந்துசேர்ந்திருக்கிறது. இது அதே புறநானூறுதான் என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. காரணம், எந்த இடத்திலும் சங்கிலி முழுக்க அறுந்துபோகவில்லை. முந்திய ஏடு கண்முன் இருக்கும்போதே பிந்திய ஏடு எழுதப்பட்டது.

கோயில்களிலும் இதே விவேகம் இருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் வைத்துவிடுகிறார்கள். சுவரைப் பிரிக்கலாம், கல்லைப் பெயர்க்கலாம். பூஜை மட்டும் நிற்பதில்லை. எது தொடர்ந்து இருக்கவேண்டும், எது மாறினால் பாதகமில்லை என்ற தீர்மானம் முன்னதாகவே செய்யப்பட்டுவிடுகிறது.

ஆக முதல் கேள்விக்கு என் பதில் இது. ஜீப்பின் ‘அதே தன்மை’ இரும்பிலும் இல்லை, எண்ணிலும் இல்லை, வெறும் பெயரிலும் இல்லை. ஒவ்வொரு பாகமும் மற்ற பாகங்கள் அந்த இடத்தில் இருந்து தாங்கிக்கொண்டிருக்கும்போது மாற்றப்பட்டது என்ற தொடர்ச்சியில் இருக்கிறது. தொடர்ச்சி தானாக நிகழ்வதில்லை. யாரோ ஒருவர் செய்வதால் நிகழ்கிறது. வண்டியின் அடையாளம் என்று நாம் சொல்வது பலபேர் பல காலங்களில் எடுத்துக்கொண்ட சிரத்தையின் மறுபெயர்.

4

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழும். பிரதி எடுத்தவர்களில் ஏட்டைத் திருத்தியவர்களும் உண்டு. புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக்கியவர், தன் பாட்டு ஒன்றை இடையில் சேர்த்தவர். அவர்களும் சிரத்தையோடுதான் செய்தார்கள். பழைய வண்டி வைத்திருப்போரிலும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சிக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே போல்ட்டின் தலைவரை இருக்கவேண்டும். மற்றக் கட்சிக்கு, பழைய வண்டி ஒரு கச்சாப்பொருள். தூக்கலாம், பெரிய டயர் மாட்டலாம், வின்ச் வைக்கலாம், மூச்சுக்குழாயை மேலே கொண்டுபோகலாம்.

மாற்றுவதே தப்பு என்று கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. இது மாற்றித்தான் வளர்ந்த பூமி. திருச்செங்கோட்டுக்காரர்கள் லாரியின்மேல் துளைபோடும் ரிக்கை ஏற்றி இந்தியா முழுவதும் போர்வெல் போடுகிறார்கள். கரூரில் வெறும் சேஸாக வந்து நிற்பது பஸ்ஸாகப் போகிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு கடைசிவரை எந்த இயந்திரத்தையும் அது வந்த நிலையில் ஏற்றுக்கொண்டவரில்லை. என் ஜீப்பின் டீசல் எஞ்சினும் பின்தட்டும் இதே புத்தியின் விளைவு. எரிபொருள் கட்டுப்படியாகவில்லை, தேங்காய் ஏற்றவேண்டும். தேவை வெளியிலிருந்து வந்தது; மாற்றம் அதற்குப் பதில்.

பொழுதுபோக்காக மாற்றுகிறவனுக்குத் தேவை வெளியிலிருந்து வருவதில்லை. அவன் தன் உருவத்தை வண்டியின்மேல் எழுதுகிறான். வண்டி ஒரு கையெழுத்தாகிவிடுகிறது. இயந்திரம் இதை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்பிரிங் பட்டையைச் சேர்த்து நான்கு அங்குலம் தூக்கினால் புரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டுகள் செங்குத்தாகி, வண்டி நடுங்க ஆரம்பிக்கும். ஸ்டீரிங் ராடு சாய்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் குழாய் நீளம் பற்றாது. வளைவில் சாய்கிற பயம் கூடும். பெரிய டயர் போட்டால் கியர்களின் கணக்குத் தப்பும், வேகமானி குறைத்துக் காட்டும், பழைய டிரம் பிரேக் போதாமல் போகும், ஆக்சில் முறியும். ஒரு இடத்தில் எடுத்துக்கொண்டதை இன்னொரு இடத்தில் கட்டவேண்டும். வங்கியில் இதைவிட நேர்மையான கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவைக் கறாராகவே வாசித்தது.

பராமரிப்பு இதற்கு எதிர்மாறான மனநிலை. தண்ணீரில் இறங்கி ஏறிவந்தால் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கவேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கர பேரிங்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி ஏற்றவேண்டும். டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால் பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை கையால் அடிக்கவேண்டும். இவற்றில் எதையும் பார்த்து யாரும் இது இன்னார் செய்தது என்று சொல்லமாட்டார்கள். சரியாகச் செய்தால் வெளியே தெரிகிற விளைவு, ஒன்றும் நிகழாமல் இருப்பது.

1974இல் வந்த பெர்ஸிக்கின் மோட்டார்சைக்கிள் புத்தகத்தை ஆங்கிலம் படித்த நம்மில் பலர் ஒரு காலத்தில் கையில் வைத்திருந்தோம். பராமரிப்பு என்பது மனத்தின் ஒரு நிலை என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருடைய கண் கடைசிவரை பராமரிக்கிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போல்ட் தளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில் என் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. எழுத்தில் நான் என்னை ஏமாற்றிக்கொள்ளலாம். சிநேகிதர்கள் உதவி செய்வார்கள். இங்கே அந்த வசதி கிடையாது. தன் விருப்பத்தைப் பொருட்படுத்தாத ஒன்றின்முன் அடங்கிநின்று, அதற்கு வேண்டியதைச் செய்வது ஒரு ஒழுக்கப் பயிற்சி. அந்த அளவுக்கு இந்தப் பொழுதுபோக்கை நான் நியாயப்படுத்துவேன். அதற்குமேல் போனால் சங்கடம் தொடங்குகிறது.

5

சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகும் வழியில் சர்க்கரைப் பள்ளம், குரும்பூர்ப் பள்ளம் என்று காட்டாறுகள் குறுக்கிடும. பல வருஷங்கள் மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அப்பால் இருக்கிற ஊர்கள் துண்டிக்கப்பட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. அந்த மலைப் பாதையில் ஜீப் ஓட்டி ஜீவனம் செய்கிறவனுக்கு, முன்சக்கர ஹப்பைத் திருகிப் பூட்டி, குட்டைக் குச்சியை லோவில் தள்ளி ஓடையில் இறங்குவது சாகசம் இல்லை. அக்கரையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால் இறங்குகிறான். நான் அதே வண்டியில், அதே குச்சியைத் தள்ளி, அதே மாதிரி ஒரு ஓடையில் ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறேன். பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் பாலம் வேண்டும் என்று மனுக் கொடுத்தவன். நான் பாலம் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறவன்.

மார்க்ஸீயரான ஒரு நண்பர் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஒருவனுடைய கஷ்டம் இன்னொருவனுக்கு விளையாட்டாக மாறுவதற்குப் பெயர்தான் வர்க்கம் என்றார். 1899இலேயே வெப்லன் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி இதைச் சொல்லியாகிவிட்டது. வேட்டையாடிப் பிழைக்க வேண்டாதவன்தான் வேட்டையை விளையாட்டாக்கிக்கொள்கிறான். நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், ஓய்வு வர்க்கம் இல்லை என்று பதில் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் பதில் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவன் அந்த வர்க்கத்தைச் சேரலாம்.

விஷயம் மனோபாவத்தோடு நின்றால்கூட விட்டுவிடலாம். பொருளாதாரத்திலும் அது இறங்குகிறது. வருமானவரிக் கணக்கில் மோட்டார் காருக்கு வருஷம் 15 சதவீதம், எஞ்சிய மதிப்பின்மேல் தேய்மானம் கழிப்பது முறை. ஒரு லட்சம் ரூபாய் வண்டி பத்து வருஷத்தில் சுமார் 19,700 ரூபாய், இருபதில் சுமார் 3,900, நாற்பதில் 150 ரூபாய். மதிப்பு ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. ஆனால் தேநீர் டம்ளர்களின் விலைக்கு வந்துவிடும். மலையில் இருக்கிறவன் வண்டி வாங்க முடிந்தது இந்தத் தேய்மானத்தால்தான். நகரத்தில் கழித்ததை அவன் எடுத்துக்கொண்டான். என்னைப் போன்றவர்கள் பழைய ஜீப்பின்மேல் பிரியம் வைக்கத் தொடங்கியதும் அது பழைய வண்டி என்ற நிலையிலிருந்து அரிய வண்டி என்ற நிலைக்கு ஏறிவிட்டது. என் பிரியம் அவனுடைய தேவையின் விலையை உயர்த்துகிறது. நான் யாரையும் ஏமாற்றவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தேன். இருந்தும் இது நடக்கிறது.

பாகங்கள் விஷயத்தில் இது இன்னும் நேரடியானது. இந்த ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு இடை ஷாஃப்டும் அதன்மேல் ஓடும் கியரும் இருக்கின்றன. தேயக்கூடியது. நல்ல பழைய செட்டு கிடைப்பது சிரமம். என்னிடம் ஒன்று இருந்தது, உபயோகிக்காதது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரியில். வண்டியிலிருந்தது தேய்ந்து ஓசையிடத் தொடங்கியிருந்தது. மாற்றுவதற்குக் கழற்றி வைத்திருந்த வாரத்தில் சிங்காநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் போன் செய்தார்.

“ஏனுங்க சார், உங்ககிட்ட அந்த எடை ஷாப்ட்டு செட்டு ஒண்ணு இருக்குதுங்களே. மலைக்காரரு ஒருத்தரு வந்து நிக்கறாருங்க. வண்டி நின்னு நாலு நாளாச்சாமா. உங்களுக்கு அவசரமில்லீங்கன்னா...”

அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் ஒரு உபசாரமாகத்தான் சொன்னார். எனக்கு அவை ஒரு இலக்கணம்போலக் கேட்டன. கோயம்புத்தூரில் கியர் வெட்ட ஆள் இல்லாமல் இல்லை. கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் வெட்டி, பதம் ஏற்றி, தேய்த்துத் தருவார்கள். ஒன்றே ஒன்றுக்காக என்றால் அவர்களுக்கு வேலை இல்லாதபோதுதான் செய்வார்கள். ஒரு மாதம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். என்னால் காத்திருக்க முடியும். மலைக்காரரால் முடியாது. எங்கள் இரண்டுபேர் வண்டியும் ஒன்று, பழுதும் ஒன்று, தேவையான இரும்பும் ஒன்று. காத்திருக்க முடியுமா என்பது மட்டும் வேறு. பொழுதுபோக்கு என்பதை வரையறுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பணம், ரசனை, ஓய்வு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

செட்டைக் கொடுத்தேன், வாங்கிய விலைக்கு. அதை ஒரு தர்மமாக இங்கே எழுதவில்லை. தர்மம் என்று பெயர் வைத்தால் அந்தப் பொருள் எனக்குச் சொந்தம் என்பது உறுதிப்பட்டு, என் தாராள மனம்தான் விஷயமாகிவிடுகிறது. சென்ற பகுதியில் சொன்னதை நான் உண்மையாகவே நம்புகிறேன் என்றால், பராமரிக்கிறவன் பொருளுக்கு வேண்டியதைச் செய்கிறவன் என்றால், அந்தக் கியருக்கு வேண்டியது ஓடுவது. என் அலமாரியில் அது ஓடவில்லை. ஆகவே அது போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. என் வண்டி ஏழு வாரம் மரக்கட்டைகளின்மேல் நின்றது. அந்த ஏழு வாரங்களில் என் வாழ்க்கையில் எதுவும் குறைந்துவிடவில்லை என்பது எனக்குக் கிடைத்த தகவல்.

இதிலிருந்து பெரிய விடுதலை எதுவும் கிடைப்பதாக நான் பாவனை செய்யவில்லை. ஒரு செட்டு கொடுத்ததால் விலை இறங்கிவிடவில்லை. என் எஞ்சின் விடுகிற கரும்புகையை ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகக் காற்று மன்னித்துவிடுவதுமில்லை. காட்டுக்குள் டயர் பதிக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தீர்ந்த விஷயம். ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. பாதை இல்லாத இடத்தில் போகும் ஆசைக்கு அவற்றைக் கொடுக்க முடியாது. இத்தனை கழிவுகளுக்குப் பிறகு என்ன நியாயம் மிஞ்சுகிறது? சிறிய ஒன்றுதான். இந்தப் பட்டறைகளில் இருக்கிற அறிவு, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பல் காரணம் என்று காதால் தெரிந்துகொள்கிற அறிவு, தேவை உள்ளவன் வரும்போது அங்கே இருக்கவேண்டும். தேவை எப்போதும் வந்துகொண்டிருப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பவன் பொழுதுபோக்குக்காரன். தேவை வந்து கதவைத் தட்டும்போது அவன் விலகி வழிவிட்டால், அதுவரை அவன் செய்தது வீணில்லை. விலகாவிட்டால் அவன் வெறும் சேகரிப்பாளன்.

6

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சிலருக்கு இரும்பில் அக்கறை இராது. அவர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. நம் நவீனத்துவம் மாற்றுகிறவர்களின் இயக்கம். யாப்பைக் கழற்றினோம், வாக்கியத்தை வெட்டினோம், கையெழுத்துப் போட்டோம். அது வெளியிலிருந்து வந்த தேவைக்குப் பதிலாக இருந்தவரை நியாயம் இருந்தது. ஆனால் 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ வந்துகொண்டிருந்தது மாற்றத்தால் மட்டும் அல்ல. சி.சு. செல்லப்பா புரூஃப் பார்த்தார், சந்தா எழுதினார், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். புதுக்கவிதை வரலாறு எழுதுகிறவர்கள் கவிதைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மூட்டை தூக்கியது ஒரு சுவாரஸ்யமான செய்தியாக அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. பராமரிப்பை இலக்கியச் செயலாகப் பார்க்கிற கண் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. சிறு பத்திரிகைகள் எட்டு இதழ்களில் நின்றுபோவதற்குப் படைப்பு வறட்சியைக் காரணம் சொல்கிறோம். தபால் ஒட்டுகிற ஆள் இல்லாமல் நின்றவைதான் அதிகம்.

2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களைக் கழித்து ஒழிப்பதற்கான கொள்கையை அரசாங்கம் அறிவித்தது. 2022 ஏப்ரலில், பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. புகையை நினைத்தால் இதை முழுக்க எதிர்க்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்கவேண்டும் என்பது என் கட்சியும் இல்லை. சாகவேண்டியது சாகத்தான் வேண்டும். ஆனால் நாம் ஒருமுறை இதில் தவறியிருக்கிறோம். செல்லரித்த ஏட்டைப் புது ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது ஒரு மரியாதையான வழக்கம். பெயர்த்து எழுதுவது நின்றுபோன பிறகும் ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. அப்படிப் போன நூல்களின் பெயர்கள் உரைகாரர்களின் மேற்கோள்களில் இருக்கின்றன, நூல்கள் இல்லை.

கழிப்பதற்குமுன் எது எங்கே பெயர்த்து எழுதப்பட்டாயிற்று என்று ஒருவர் கேட்கவேண்டியிருக்கிறது. என் ஜீப்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் பதில் எழுதிவருகிறேன். எந்தத் தேதியில் எந்த ஆயில், எந்தச் சீல் எந்த அளவு, எதற்கு எந்த வண்டியின் பாகம் பொருந்தும், யார் பட்டறையில் எது செய்வார்கள். மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதியது பாதிக்கு மேல். வண்டி என்றைக்காவது போகும். அப்போது அதன் கியரும் ஆக்சிலும் மலையில் ஓடுகிற ஏதாவதொன்றுக்குப் போகவேண்டும், நோட்டு அதை ஓட்டுகிறவரிடம் போகவேண்டும்.